மூன்று துளைகளின் சாட்சியம்: லீவர் கார்பைன்களில் தோட்டாச் சோதனை

இந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும்? அமெரிக்க வேட்டைக்காரர்கள் சுமார் 150 ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறார்கள். கேட்கும்போது பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது, விசைக்கு அடியில் உள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும் ஒரு குட்டைத் துப்பாக்கி, அதாவது லீவர் கார்பைன். வின்செஸ்டர் 1894, மார்லின் 336 ஆகியவை இந்த வகையில் பெயர்பெற்றவை. குழல் நீளம் வழக்கமாக 20 அங்குலம். குதிரைச் சேணத்தில் சொருக, அடர்ந்த காட்டில் தோளுக்கு ஏற்ற வசதியானது. வின்செஸ்டர் 1894 மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

கேள்வி எளிது, விடைகள் அப்படி இல்லை. தாளில் விழும் துளைகள் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு சாரார் பார்க்கிறார்கள். வேகமானியின் எண்ணை நம்புகிறவர்கள் உண்டு. மான் விழுந்ததா என்பது தவிர வேறு சோதனை தேவையில்லை என்பவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் புள்ளியியல் படித்தவர்கள் வந்து, நீங்கள் சுட்டுப் பார்த்ததெல்லாம் சோதனையே அல்ல என்கிறார்கள். இந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். இங்கே தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குண்டு என்பது பறந்து போகும் பகுதி மட்டும். சுட்ட கூட்டை எடுத்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து வீட்டு மேசையில் திரும்ப அடைப்பதைக் கையடைப்பு என்று சொல்லலாம். எடைக்கு கிரெய்ன் என்ற பழைய அளவே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நம் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெய்ன்.

கேள்வியின் பிறப்பு

ஒரே தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது என்பதை ராணுவம் தொடக்கத்திலேயே உணர்ந்தது. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45-70 தோட்டாவில் 70 கிரெய்ன் கரிமருந்தும் 405 கிரெய்ன் ஈயக் குண்டும் இருந்தன. அந்த அடைப்பு குதிரைப்படையின் இலகுவான கார்பைனில் தோளைக் கடுமையாக உதைத்தது. அதனால் அவர்களுக்கென்று மருந்தை 55 கிரெய்னாகக் குறைத்துத் தனித் தோட்டா அடைத்தார்கள். துப்பாக்கிக்குத் தக்கபடி மருந்தை மாற்றுவது அன்றே அரசுக் கொள்கையாக இருந்தது.

குடிமக்கள் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார்கள். கடை பல நாள் பயணத் தொலைவில் இருந்த மேற்குப் பகுதிகளில் சுட்ட கூட்டை எறிவது காசை எறிவதற்குச் சமம். வின்செஸ்டர் நிறுவனமே கையடைப்புக் கருவிகளையும் விற்றது. 1884-இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் கருவியோடு கையேடும் தந்தது. கருவியும் கையேடும் கைக்கு வந்தபின் மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்காமல் யார் இருப்பார்கள்?

இந்த விளையாட்டின் ஆபத்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்படையானது. வின்செஸ்டர் 1873-க்கும் 1892-க்கும் ஒரே .44-40 தோட்டாதான். ஆனால் முன்னதில், சுடும்போது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் பூட்டு மூட்டு இணைப்புகளால் ஆனது, கரிமருந்துக் காலத்தது. பின்னது ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, பல மடங்கு உறுதியானது. 1892-ஐ மனத்தில் வைத்து அதிவேகத் தோட்டாக்கள் வந்தபோது, 1873-இல் போடாதீர்கள் என்ற எச்சரிக்கையைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டியிருந்தது. கூட்டின் அளவு பொருந்துவது ஒன்று, துப்பாக்கி தாங்குவது வேறொன்று. இந்த வேறுபாடு இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது.

குழாய் மகசினின் சட்டம்

லீவர் கார்பைனில் துல்லியத்தைப் பற்றிப் பேசும் முன் அந்தத் தோட்டா துப்பாக்கிக்குள் போய்வருகிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து இயக்கும் போல்ட் ரைஃபிளில் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது பழைய குறை; அதில் நியாயமும் இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றில் குழலுக்கு அடியில் ஒரு குழாய் ஓடுகிறது. தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் குண்டு முனை முன்னால் உள்ள தோட்டாவின் கேப்பைத் தொட்டபடி இருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்து, சுடும் அதிர்ச்சியில் அது கேப்பைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால்தான் இந்தக் கார்பைன்களின் வழக்கமான தோட்டாவான .30-30-இன் குண்டுகள் தட்டை முனையோடு வந்தன. அந்த விபத்து எவ்வளவு எளிதில் நேரும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேண்டுமென்றே நிகழ்த்த முயன்று தோற்றதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குழாய் வெடித்த செய்திகளும் இருக்கின்றன. நிகழ்தகவு சிறிதாக இருந்தாலும் விலை ஒரு கையாக இருக்கும்போது தட்டை முனையின் பக்கமே நிற்பதுதான் அறிவுடைமை. முதல் தோட்டாவை மட்டும் கூர்முனையாக நேரே குழலில் இட்டு, குழாயில் தட்டை முனையை நிரப்புவோரும் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு விதக் குண்டுகள் இரண்டு இடத்தில் விழும் என்பதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

தட்டை முனைக்குக் காற்றுத் தடை அதிகம். வேகம் விரைவில் குறையும். இதைத் தீர்க்க மகசினையே மாற்றியவர்கள் ஒரு பக்கம். ஆர்தர் சாவேஜ் தம் 1899 மாடலில் தோட்டாக்களைச் சுழலும் உருளையில் வைத்தார். அதனால் கூர்முனை சாத்தியமாயிற்று, 1915-இல் நொடிக்கு 3000 அடி வேகம் என்று பெயரிலேயே பறைசாற்றும் .250-3000 தோட்டாவும் அந்தத் துப்பாக்கிக்கு வந்தது. பிரௌனிங்கின் வின்செஸ்டர் 1895-இல் பெட்டி மகசின். தியடோர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன .405 அதுதான். ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் சேலம், தர்மபுரிக் காடுகளில் தூக்கித் திரிந்ததும் அதே மாடல்தான். நம் பக்கம் அந்தக் கதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது.

குழாயை அப்படியே விட்டுவிட்டுக் குண்டை மாற்றியது இன்னொரு பக்கம். ஹார்னடி நிறுவனம் 2000-களின் நடுவில் கொண்டுவந்த லெவரெவல்யூஷன் தோட்டாக்களில் கூர்முனை மென்மையான நெகிழிப் பொருளால் ஆனது. கேப்பைத் தொட்டால் அமுங்கிக்கொள்ளும். .30-30-இல் 160 கிரெய்ன் குண்டுக்கு நொடிக்கு 2400 அடி என்று நிறுவனம் குறிப்பிட்டது. பழைய 170 கிரெய்ன் தட்டை முனைத் தோட்டாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 2200 அடி. கையடைப்போருக்கு இதில் ஒரு சிக்கல் வந்தது. நீண்ட முனையால் தோட்டாவின் மொத்த நீளம் கூடி, துப்பாக்கியின் ஏற்றி அதைத் தூக்க மறுக்கலாம். அதனால் .45-70, .44 மேக்னம் போன்றவற்றில் கூட்டையே சற்றுக் குட்டையாக வெட்டிக்கொள்ள நேர்ந்தது. கூட்டின் நீளம் மாறினால் மருந்து இருக்கும் இடமும் மாறும், அழுத்தமும் மாறும். பழைய கையேட்டு அளவு அப்போது செல்லாது.

இன்னொன்று வாய்மடிப்பு. குழாயின் வில் தோட்டாக்களை ஓயாமல் நெட்டிக்கொண்டே இருக்கிறது. கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் மடித்து இறுக்காவிட்டால் குண்டு மெல்ல உள்ளே நழுவும். மருந்து நெருங்கி அழுத்தம் ஏறும். மடிப்பு துல்லியத்தைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்ற வாதம் நீள்கிறது. லீவர் துப்பாக்கியில் அந்த வாதத்துக்குப் பெரிய இடமில்லை. மடிப்பு அங்கே கட்டாயம்.

தாளைப் படிப்பவர்கள்

துல்லியத்தைத் துளைகளின் நெருக்கத்தால் அளக்கும் மரபுக்கு ஒரு தந்தை தேடினால் மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர் ஃபிராங்க்ளின் மான் நினைவுக்கு வருவார். குண்டு ஏன் ஒரே இடத்தில் விழ மறுக்கிறது என்பதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். சுடுபவரின் கையும் தோளும் மூச்சும் கலக்காதபடி, மண்ணில் ஊன்றிய அசையாத தாங்கியில் குழலை மட்டும் வைத்துச் சுட்டார். 1909-இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. கோளாறு பெரும்பாலும் குண்டிலும் குழலிலும் இருக்கிறது, சுடுபவரை மட்டும் குற்றம் சொல்வது தவறு என்பது அவர் வழிவந்த பாடம்.

அந்த மரபு போட்டிக் களத்தில் செழித்தது. அங்கிருந்து வேட்டைக்கு வந்தபோது ஓர் அளவுகோலையும் தூக்கிவந்தது: 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம், அதாவது கோண அளவில் ஒரு நிமிடம். தடித்த குழலும் தொலைநோக்கியும் உள்ள போல்ட் ரைஃபிளுக்கு அது நியாயமான எதிர்பார்ப்பு. லீவர் கார்பைனை அதே தராசில் நிறுத்துவது சந்தேகத்துக்குரியது.

காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. கட்டை முன்னும் பின்னுமாக இரண்டு துண்டு. மகசின் குழாயும் முன்கட்டையும் உலோகப் பட்டைகளால் மெல்லிய குழலோடு கட்டப்பட்டிருக்கின்றன. நான்கைந்து முறை சுட்டுக் குழல் சூடேறினால் அது விரியப் பார்க்கும். பட்டைகள் பிடித்து இழுக்கும். துளைகள் ஒரு திசையில் நகரத் தொடங்கும். குழாயில் தோட்டா நிறைந்திருக்கும்போது இருக்கும் எடை, ஒவ்வொன்றாகத் தீரும்போது குறைகிறது. மேசையில் சுடும் சோதனையாளர் பெரும்பாலும் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடுவார். காட்டில் அப்படி யாரும் சுடுவதில்லை.

பார்வைக் கருவியும் ஒரு தடை. வின்செஸ்டர் 1894 சுட்ட கூட்டை மேல்நோக்கி எறியும். 1980-களின் தொடக்கத்தில் கூட்டைப் பக்கவாட்டில் எறியும்படி மாற்றும்வரை துப்பாக்கியின் உச்சியில் தொலைநோக்கியை நேராகப் பொருத்த வழியில்லை. ஆகவே ஏறத்தாழ 90 ஆண்டுக் காலச் சோதனைகளில் பெரும்பங்கு திறந்த சைட்டில் சுட்டவை. அந்தத் தாள்களில் தெரிவது தோட்டாவின் சிதறலா, கண்ணின் சிதறலா என்று பிரிக்க இயலாது. .30-30 துல்லியமற்றது என்ற பழைய பெயரில் ஒரு பங்கு இங்கிருந்து வந்திருக்கலாம். பக்கவாட்டில் கூடு எறியும் மார்லினுக்குத் துல்லியத்தில் நல்ல பெயர் கிடைத்ததற்குத் தொலைநோக்கி பொருத்த முடிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். குழலின் தரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டப்படும் உட்புரியைப் பற்றிய தகராறும் இதே வகை. மார்லின் 1950-களில் ஆழம் குறைந்த, எண்ணிக்கை மிகுந்த மைக்ரோ குரூவ் புரிகளைக் கொண்டுவந்தது. வார்ப்பு ஈயக் குண்டுக்கு அது ஆகாது என்ற தீர்ப்பு உடனே பரவி, வேதவாக்காக நின்றது. குழலின் உள் விட்டத்தை அளந்து, அதற்குத் தக்க சற்றுப் பெரிய, கடினமான குண்டை வார்த்துச் சுட்டவர்கள் நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார்கள். குற்றம் புரியில் இருந்ததைவிடக் குண்டின் அளவில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். .44 மேக்னத்தில் நிலைமை வேறு. பழைய மார்லின் 1894 குழலில் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். எடைமிக்க நீண்ட குண்டுகளை நிலையாகச் சுழற்ற அது போதாமல் போகக்கூடும். அங்கே எந்த அடைப்பும் குறையை முழுதாகச் சரிசெய்யாது.

எண்ணிப் பார்ப்பவர்கள்

வேட்டைத் தோட்டாவைச் சோதிக்கும் வழக்கமான முறை மூன்று குண்டு சுடுவது. வேட்டையில் மூன்றுக்கு மேல் தேவைப்படாது என்பது சொல்லப்படும் நியாயம். தோட்டாவின் விலையும் தோள் வலியும் சொல்லப்படாத நியாயங்கள். புள்ளியியலாளர்கள் கை வைத்தது இந்த மூன்றில்தான்.

ஃபிராங்க் கிரப்ஸ் அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர். சுடுவோருக்கும் ஏவுகணைப் பொறியாளருக்கும் பொதுவாக, துல்லிய அளவைகளைப் பற்றி 1964-இல் ஒரு சிறுநூல் எழுதினார். அடிப்படைக் கணக்கு கடினமானதல்ல. குண்டுகள் இயல்பான பரவலில் சிதறுகின்றன என்று கொண்டால், ஒரு திசையின் திட்ட விலக்கத்தை ஓர் அலகாக வைத்து, மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் இடைவெளி மூன்று குண்டுக்குச் சராசரியாக 2.4 அலகு, ஐந்துக்கு 3.1, பத்துக்கு 3.8 அலகு வரும். அதாவது அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே கை. பத்துக் குண்டில் மூன்று அங்குலம் சிதறுவது மூன்று குண்டில் இரண்டு அங்குலத்துக்கும் குறைவாகத் தெரியும்.

இதைவிடச் சங்கடமானது ஏற்ற இறக்கம். சராசரி இரண்டு அங்குலம் தரும் ஒரு தோட்டாவில் ஒரு முறை சுட்ட மூன்று துளைகள் ஒன்றேகால் அங்குலத்தில் அடங்கலாம், மறுமுறை இரண்டேமுக்கால் அங்குலம் விரியலாம். இரண்டும் அன்றாட நிகழ்ச்சிகளே. எந்த வேறுபாடும் இல்லாத பத்து அடைப்புகளை வரிசையாக மூன்று மூன்றாகச் சுட்டால் மிகச் சிறிய கூட்டத்துக்கும் மிகப் பெரியதற்கும் இடையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் எளிதில் வரும். சோதனையாளர் சிறியதைத் தேர்ந்தெடுத்து, என் துப்பாக்கிக்குப் பிடித்தது இதுதான் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பார். அடுத்த மாதம் அதே அடைப்பு சிதறினால் வெயிலையோ காற்றையோ குறை சொல்வார்.

சரியான மருந்தளவைத் தேடும் முறைகளும் இந்த விமர்சனத்துக்குத் தப்பவில்லை. கிரைட்டன் ஆடெட் பெயரால் அறியப்படும் ஏணிச் சோதனையில் மருந்தைச் சிறு சிறு படியாகக் கூட்டி, படிக்கு ஒரு குண்டாகத் தொலை இலக்கில் சுடுவார்கள். அடுத்தடுத்த சில துளைகள் ஒரே உயரத்தில் குவிந்தால் குழலின் அதிர்வு அங்கே ஒத்திசைகிறது என்று பொருள் கொள்வார்கள். டேன் நியூபெரி முன்வைத்த முறை இதையே வேறு விதமாக, வட்டமாகச் சுற்றிச் சுற்றிச் சுட்டுச் சமநிலை காண்கிறது. குழல் அதிர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் படிக்கு ஒரு குண்டு சுட்டு அந்த அதிர்வின் ஒத்திசைவைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. திறந்த சைட்டும் 20 அங்குலக் குழலும் 100 கஜ இலக்கும் உள்ள கார்பைனில், படிக்குப் படி உண்டாகும் உயர வேறுபாடு இயல்பான சிதறலில் கரைந்துவிடும். நீண்ட தூரப் போட்டித் துப்பாக்கியில் இம்முறைக்கு என்ன மதிப்பு இருந்தாலும், கார்பைனுக்கு அதைச் சிபாரிசு செய்வது கடினம்.

வேகத்தின் திட்ட விலக்கத்துக்கும் இதே கதி. மூன்று குண்டில் நொடிக்கு 10 அடி விலக்கம் என்று வேகமானி காட்டினால், உண்மை மதிப்பு 5 அடி முதல் 60 அடிக்கு மேல் வரை எங்கும் இருக்கலாம்; 95 விழுக்காடு நம்பிக்கை எல்லை அவ்வளவு அகலம். பத்துக் குண்டில் அது 7 முதல் 18 வரை குறுகும். முப்பது குண்டில் 8 முதல் 13.

எண்ணுகிறவர்களின் கட்சிக்கும் பலவீனம் இல்லாமல் இல்லை. ஏழு பவுண்டு கார்பைனில் கனத்த .45-70 தோட்டா முப்பது சுட்டவரின் தோள் கடைசிப் பத்தில் தானாகவே துள்ளத் தொடங்கியிருக்கும். குழல் அதற்கு முன்பே கொதித்திருக்கும். எண்ணிக்கையைக் கூட்டும்போது அளக்கப்படும் பொருளே மாறிப்போகிறது. தவிர, இயல்பான பரவல் என்ற எடுகோள் பட்டை கட்டிய, சூட்டில் நகரும் குழலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் தனியே ஆராய வேண்டியது. மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளை மட்டும் பார்க்காமல் எல்லாத் துளைகளின் சராசரி ஆரத்தைக் கணக்கிட்டால் குறைந்த தோட்டாவில் கூடுதல் செய்தி கிடைக்கும். இந்த யோசனையாவது பரவலாக ஏற்கப்பட வேண்டும்.

வேகமும் அழுத்தமும்

குண்டின் வேகத்தை நம்பகமாக அளக்க முதல் வழி தந்தவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் அவர் விளக்கிய ஊசல் முறையில், கனத்த மரக்கட்டை குண்டு பட்டு எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகம் கணக்கிடப்பட்டது. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வேகம் அளப்பது ஆய்வுக்கூடத்தின் காரியமாகவே இருந்தது. டெக்சாஸின் கென் ஓலர் போன்றவர்களின் மின்னணுக் கருவிகள் 1960-களுக்குப் பிறகு அதைச் சாதாரண வேட்டைக்காரரின் மேசைக்குக் கொண்டுவந்தன. இன்று உள்ளங்கை அளவு டாப்ளர் ரேடார் போதும்.

கருவி வந்ததும் தெரிந்த முதல் உண்மை, பெட்டியில் அச்சிட்ட வேகம் கார்பைனில் வருவதில்லை என்பது. .30-30 தோட்டாவின் வேகம் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளக்கப்படுவது. 20 அங்குலக் கார்பைனில், குழல் குட்டையாகும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நொடிக்குச் சுமார் 10 முதல் 25 அடி வேகம் குறையும் என்று கொள்ளலாம். இதை மோசடி என்று சீறியவர்கள் உண்டு. அளவுகோல் வேறு என்பதே உண்மை.

வேகத்தை அளக்க முடிந்ததே ஒழிய அழுத்தத்தை வீட்டில் அளக்க முடியவில்லை. இந்த இடைவெளியில்தான் விபத்துகள் நிகழ்கின்றன. 1926-இல் அமைக்கப்பட்ட சாமி என்ற அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் தரக் கழகம் .30-30-க்குச் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு என்று உச்ச அழுத்தத்தை வரையறுத்திருக்கிறது. போல்ட் ரைஃபிள்களில் புழங்கும் .308 வின்செஸ்டருக்கு அது 62,000. போல்ட் ரைஃபிளில் பழகிய கையடைப்பாளர் கேப்பு தட்டையாவதையும் கூடு இறுகுவதையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார். அந்த அறிகுறிகள் தோன்றுவது பெரும்பாலும் 60,000-ஐ ஒட்டியோ தாண்டியோதான். .30-30-இல் கேப்பு தட்டையாகும்வரை மருந்தைக் கூட்டுகிறவர் எல்லையைக் கடந்து வெகுதூரம் போயிருப்பார். இந்த ஒரு தவறான ஒப்புமை, லீவர் துப்பாக்கி பற்றிய கையடைப்பு அறிவுரைகளில் மிக ஆபத்தானது என்பது என் கணிப்பு.

வின்செஸ்டர் 1894-உம் மார்லின் 336-உம் பூட்டை அதன் பின்முனையில் தாங்குகின்றன. சுடும்போது நீண்ட பூட்டு சற்றே அமுங்கி மீள்கிறது. அந்த இடைவெளியில் பித்தளைக் கூடு நீள்கிறது. சில முறை திரும்ப அடைத்தபின் கூட்டின் அடிப்பகுதிக்கு மேலே ஒளிவளையம் தென்பட்டால் அது அறுந்துவிடத் தயாராகிறது என்று பொருள். துப்பாக்கியின் குணத்தைக் கேப்பைவிடக் கூடு நன்றாகச் சொல்கிறது.

.45-70 நிலைமை இன்னும் சிக்கல். சாமியின் உச்ச வரம்பு 28,000 பவுண்டு; பழைய 1873 ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் இன்றும் புழக்கத்தில் இருப்பதே காரணம். 1972-இல் மார்லின் 1895 மறுபடி வந்தபின் கையேடுகள் மூன்று அடுக்குகளாகப் பிரிந்தன: பழைய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒன்று, மார்லினுக்கு ஒன்று, ஒற்றைத் தோட்டா ரூகர் துப்பாக்கிக்கு ஒன்று. மூன்று அடுக்குகளுக்கும் கூடு ஒன்றே. இறந்துபோன தாத்தாவின் அலமாரியில் கிடைக்கும் கையடைப்புப் பெட்டியைப் பேரன் எந்தத் துப்பாக்கியிலும் போட்டுவிட முடியும். பெட்டியின் மேல் எழுதாத அடைப்பைச் சுடாமல் பிரித்துவிடுவதே முறை.

விலங்கில் என்ன நடக்கிறது

துல்லியமும் வேகமும் தாளில் முடிகின்றன. மான் வேறு பொருள். எடைமிக்க, மெதுவான, அகன்ற குண்டே நம்பகமானது என்றார் ஐடஹோவின் எல்மர் கீத். சிறிய, வேகமான குண்டைச் சரியான இடத்தில் வைத்தால் போதும் என்றார் .270 தோட்டாவைக் கொண்டாடிய ஜாக் ஓ'கானர். இந்தச் சண்டை பத்திரிகைகளை வளர்த்த அளவுக்கு அறிவை வளர்த்ததாகத் தெரியவில்லை. இருவரும் தம் அனுபவத்தில் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிகளையே சான்றாக வைத்தார்கள்.

1980-களில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ராணுவ மருத்துவ ஆய்வகத்தில் மார்ட்டின் ஃபாக்லர் சீரான ஜெலட்டின் முறையை நிறுவினார். பத்து விழுக்காடு ஜெலட்டினை 4 பாகை செல்சியஸில் வைத்துச் சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் போயிற்று, எவ்வளவு விரிந்தது, எத்தனை எடை மிஞ்சியது என்று ஒப்பிடலாம். ஒப்பிடத்தான் முடியும். ஜெலட்டினில் எலும்பு இல்லை, நுரையீரல் இல்லை. கார்பைனில் வேகம் 24 அங்குலக் குழலைவிடக் குறைவாக இருப்பதால், சோதனைக்கூடத்தில் அழகாக விரிந்த குண்டு 150 கஜத்தில் விரியாமலே கடந்து போகக்கூடும். வேட்டைத் தொலைவின் வேகத்தில் சுட்டுப் பார்க்காத ஜெலட்டின் படங்களை நான் விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அண்மையில் இந்தக் கேள்வியைப் புரட்டிப் போட்டது ஈயம். 1982-இல் கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் 22 மட்டுமே மிஞ்சியிருந்தன. வேட்டைக் கழிவுகளில் கிடந்த ஈயத் துணுக்குகள் அவற்றைக் கொன்றன என்ற சான்று வலுத்தது. 2013-இல் சட்டம் இயற்றிய கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுதும் விலக்கியது. மாற்று செம்பு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பினது 9-க்குச் சற்றுக் குறைவு. ஒரே எடையில் செம்புக் குண்டு ஏறத்தாழ கால் பங்கு நீளமாகும். .30-30 தோட்டாவின் மொத்த நீளம் 2.55 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கூடுதல் நீளம் கூட்டுக்குள் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இலகுவான குண்டுக்கு மாறினால் சைட்டைத் திருத்த வேண்டியிருக்கும். 1890-களில் கேட்ட அதே கேள்வியை இன்று புதிய உலோகத்தோடு முதலிலிருந்து கேட்க வேண்டிய நிலை.

தீராதவை

சில விஷயங்களில் கருத்தொற்றுமை உருவாகிவிட்டது என்றே சொல்லலாம். மகசினிலிருந்து தடையின்றி ஏறாத தோட்டா வேட்டைக்கு உதவாது. அச்சிட்ட கையேட்டின் வரம்பைக் கேப்பைப் பார்த்துத் தாண்டக்கூடாது. மூன்று குண்டு ஒருமுறை சுட்டது, பெரிய கோளாறுகளைக் காட்டுமே தவிர, இரண்டு நல்ல அடைப்புகளில் எது மேல் என்று காட்டாது.

ஒத்திசைவு மருந்தளவு என்று ஒன்று கார்பைன் குழலில் உண்டா என்பது தீரவில்லை. மறுப்பவர்களின் கை இப்போதைக்கு ஓங்கியிருக்கிறது. பட்டைகளின் இழுப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பிரித்தறியும் சோதனைகள் போதவில்லை. செம்புக் குண்டு கார்பைன் வேகத்தில் எந்தத் தொலைவுவரை நம்பிக்கையாக விரியும் என்பதற்கு உற்பத்தியாளர் தரும் எண்களைத் தவிர அதிகம் இல்லை.

வெள்ளைவால் மானின் உயிர்நிலை ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். 100 கஜத்தில் நான்கு அங்குலத்துக்குள் சிதறும் கார்பைன் அந்த வட்டத்துக்குப் போதும். அந்த நான்கு அங்குலம் உண்மையானதா என்று அறிய, தேடிய முறைகளிலேயே மலிவானது எனக்கு மிகவும் நம்பகமாகத் தெரிகிறது: வேறு வேறு நாட்களில், குளிர்ந்த குழலில், மகசின் நிறைந்திருக்க, ஒரே ஒரு குண்டு, எல்லா நாளும் அதே தாள். பத்து நாளில் கிடைக்கும் பத்துத் துளைகள், காட்டில் முதல் குண்டு எங்கே போகும் என்று கேட்பவருக்கு நேரான விடை. இந்த முறைக்குப் பொறுமை வேண்டும். பத்திரிகையின் மாதக் கெடுவுக்கு அது ஒத்துவராததும் இது அதிகம் எழுதப்படாததற்குக் காரணமாக இருக்கலாம்.

தோட்டா ஆய்வு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். துளைகளின் இடைவெளியை அச்சிடும் இடத்தில் எத்தனை குண்டு சுட்டீர்கள், குழல் குளிர்ந்திருந்ததா, தோட்டா மகசினிலிருந்து ஏறியதா, கையால் போட்டதா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.